விசுவாசத்தின் நியாயம்: நியூமனின் ‘இசைவின் இலக்கணம்’ பற்றிய ஒரு நோக்கு

கிறிஸ்தவ விசுவாசத்துக்கும் அறிவுக்கும் இடையிலான உறவு பற்றிய ஆராய்ச்சி மேனாட்டுச் சிந்தனை மரபிலே பெரும்பாலும் இரு துருவங்களுக்கிடையே அலைந்து வந்துள்ளது. கேத்திரகணிதத் தேற்றம் ஒன்றினை நிறுவுவது போல விசுவாசத்தின் உண்மையையும் நிறுவிவிடலாம் எனக் கொண்டோர் ஒருபுறத்தினர். விசுவாசம் இதயத்தின் பாற்பட்டதாகலின் அதற்கு நியாயம் கேட்பதே பொருந்தாது எனக் கொண்டோர் மறுபுறத்தினர். இவ்விரு நிலைகளையும் ஏற்காது, விசுவாசி ஒருவன் உண்மையில் எவ்வாறு விசுவாசிக்கின்றான் என்பதை உற்றுநோக்கி, அச்செயலிலேயே நியாயம் பொதிந்துள்ளது எனக் காட்ட முயன்ற நூல்களுள் தலையாயது, ஜோன் ஹென்றி நியூமன் 1870 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இசைவின் இலக்கணத்துக்குத் துணையாக ஒரு கட்டுரை’ என்பதாகும்.

நூலின் மையவினா எளிமையானது. தன்னால் முற்றாக விளங்கிக்கொள்ளவோ முற்றாக நிரூபிக்கவோ இயலாத ஒன்றை ஒருவன் முழுமனத்தோடு ஏற்பது நியாயமாகுமா? இறையியலைக் கற்ற அறிஞன் ஒருவனைப் பற்றியது மட்டுமன்று இவ்வினா. எழுத்தறியாத மீனவப் பெண்ணொருத்தி செபமாலையைக் கையிலேந்திக் கொள்ளும் விசுவாசம் மூடத்தனமா, அன்றி அதற்கும் ஓர் அறிவுநெறி உண்டா என்பதும் அதனுள் அடங்கும். கற்றோரின் வாதங்களால் மாத்திரம் விசுவாசம் நியாயமாகுமெனின், மனித குலத்தின் மிகப் பெரும்பகுதியினர் நியாயமின்றியே விசுவசித்தனர் என முடிவுசெய்ய வேண்டிவரும். நியூமனை உறுத்திய சிக்கல் இதுவே.

நியூமன் 1801 இல் இலண்டனிற் பிறந்தவர். ஒக்ஸ்போட் ஓரியல் கல்லூரியின் ஆய்வாளராகவும் அங்கிலிக்கன் குருவாகவும் விளங்கி, 1845 இல் கத்தோலிக்க திருச்சபையிற் சேர்ந்து, பின்னர் தம் வாழ்வின் பெரும்பகுதியைப் பேர்மிங்ஹாமிற் கழித்தார். 1879 இல் கர்தினாலாக உயர்த்தப்பட்ட அவர் 1890 இல் மறைந்தார். 2019 இல் புனிதராகப் பிரகடனப்படுத்தப்பட்டார். ‘இசைவின் இலக்கணம்’ வெளிவந்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்பது. பல்லாண்டுகளாக அவர் இந்நூலை எழுத முயன்று மீண்டும் மீண்டும் கைவிட்டிருந்தார். 1866 இல் சுவிற்சர்லாந்திலே, ஜெனீவா ஏரிக்கு மேலுள்ள கிளியோன் என்னும் ஊரில் தங்கியிருந்தபோதே, நிச்சயத்தைப் பற்றி ஆராய்வதற்கு முன்னர் இசைவைப் பற்றி ஆராய வேண்டும் என்னும் தெளிவு அவருக்குப் பிறந்தது. மனம் ஒரு கூற்றுக்கு ‘ஆம்’ என்பதே இசைவு. அந்த ‘ஆம்’ எங்கிருந்து, எவ்வாறு பிறக்கின்றது என்பதே நூலின் பொருளாயிற்று.

நியூமன் எதிர்கொண்ட கருத்துநிலைகளை அறிந்தாலன்றி நூலின் போக்கினை விளங்கிக்கொள்ள இயலாது. முதலாவது ஜோன் லொக்கின் நிலை. எந்தக் கூற்றையும் அதற்குரிய சான்றுகள் எவ்வளவுக்கு இடந்தருமோ அவ்வளவுக்கே ஏற்கவேண்டும். அதற்கு மேற்பட்ட உறுதி உண்மை மீதான பற்றினால் அன்றி வேறேதோ பற்றினால் விளைவது என லொக் கருதினார். சான்றுக்குத் தக்க இசைவு என இதனைச் சுருக்கமாகக் கூறலாம். இரண்டாவது வில்லியம் பேலியின் நிலை. கடிகாரத்தைக் கண்டவன் கடிகாரம் செய்தவனை அனுமானிப்பது போல இயற்கையின் அமைப்பிலிருந்து இறைவனை அனுமானிக்கலாம் என 1802 இல் அவர் வாதிட்டார். லொக் விசுவாசத்தின் உறுதியைக் குறைக்கக் கோரினார். பேலி அவ்வுறுதிக்குப் போதிய சான்றைத் தந்துவிட்டதாக எண்ணினார். ஆயின் இருவரும் ஒரே தராசையே பயன்படுத்தினர் என்பது மனங்கொளத்தக்கது.

டார்வினின் நூல் 1859 இல் வெளிவந்த பின்னர் பேலியின் வாதம் பெரிதும் தளர்வுற்றது. நியூமனை இத்தளர்வு பாதிக்கவில்லை. இயற்கையின் அமைப்பைக் கொண்டு இறைவனை நிறுவ அவர் முனைந்ததில்லை. இறைவனை ஏற்கெனவே நம்புவதாலேயே இயற்கையில் அவனது திட்டத்தைத் தாம் காண்பதாகக் கொண்டவர் அவர். பேலியின் வாதத் திறமையை மறுக்காத அவர், கூரிய தருக்கமொன்றினால் வெல்லப்பட்டு மனந்திரும்புவதில் தமக்கு நாட்டமில்லை என்னும் கருத்தினை நூலின் இறுதிப்பகுதியில் வெளிப்படையாகவே முன்வைக்கின்றார்.

மூன்றாவது எதிர்நிலை ஒரு நண்பருடையது. வில்லியம் புறூட் ஓரியல் கல்லூரியின் பழைய மாணவர். நியூமனின் உயிர்த்தோழராயிருந்து 1836 இல் இறந்த ஹரல் புறூட்டின் தம்பி. புகையிரதப் பாதை அமைப்பிற் புறுணலுடன் பணியாற்றி, பின்னர் கப்பல்களின் அசைவு பற்றிய ஆராய்ச்சியில் முதன்மை பெற்ற பொறியியலாளர். 1870களின் தொடக்கத்தில் டோர்க்கி நகரில் நீர்த்தொட்டி ஒன்றை அமைத்து, சிறு மாதிரிகளை இழுத்துச் சோதித்துப் பெருங்கப்பல்களின் தடையைக் கணிக்கும் முறையை நிறுவியவர் அவரே. மனித அறிவு எந்தத் துறையிலும் முழு நிச்சயத்தை எட்டுவதில்லை. ஒவ்வொரு முடிவையும் ஐயத்துக்கு இடம்வைத்தே கொள்ளவேண்டும். அவ்வாறு கொள்வது அறிவுக் கடமை மாத்திரமன்றி ஒழுக்கக் கடமையுமாகும் என்பது புறூட்டின் உறுதியான கொள்கை. அவருடைய மனைவி 1857 இல் கத்தோலிக்கரானார். பிள்ளைகளிற் பலரும் தாயைத் தொடர்ந்தனர். புறூட் தமது நிலையினின்றும் மாறவில்லை. நண்பர்கள் இருவரும் நிச்சயத்தைப் பற்றிப் பல்லாண்டு கடிதம் எழுதிக்கொண்டனர். அவ்வகையில் ‘இசைவின் இலக்கணம்’ புறூட்டுக்கு எழுதப்பட்ட நீண்ட மறுமொழி என்று கருதுவதிலே தவறில்லை.

நூல் இரு பகுதிகளாக அமைந்தது. முதற்பகுதி இசைவை இருவகைப்படுத்துகின்றது. ஒரு கூற்றினைப் பொதுக்கருத்தாக மாத்திரம் ஏற்பது கருத்துநிலை இசைவு. அதன் பொருளை உயிருள்ள ஒன்றாக, அனுபவத்தில் முன்னிற்பதாக உணர்ந்து ஏற்பது மெய்ந்நிலை இசைவு. பள்ளியிலே மனனஞ்செய்த பண்டைக் கவிஞரின் அடிகள் சிறுவனுக்கு வெறும் சொல்லலங்காரமாய் இருந்து, வாழ்வின் துன்பங்களை அறிந்த பின்னர் அவனையே துளைக்கும் உண்மைகளாக மாறுவதை நியூமன் எடுத்துக்காட்டுகின்றார். அடிமை வாணிபம் கொடிது என்பதை நெடுங்காலம் பலரும் கருத்தளவில் ஏற்றிருந்தனர். அக்கொடுமை கண்முன் நிறுத்தப்பட்ட பின்னரே அவ்வேற்பு செயலாயிற்று என்பதும் அவர் தரும் சான்று. கூற்று மாறவில்லை, அதனை ஏற்கும் மனத்தின் ஈடுபாடே மாறியது. இறைவன் உளன் என்னும் கூற்றும் இத்தகையது. தத்துவ நூலிலே அது ஒரு முடிவு. வழிபடுவோனுக்கு அது ஓர் உறவு.

இரண்டாம் பகுதியே நூலின் உயிர்நிலை. பிரித்தானியா ஒரு தீவு என்பதிலே எவருக்கும் ஐயமில்லை. ஆயின் அதற்கு நாம் தரக்கூடிய நிரூபணம் யாது? அதனை முற்றாகச் சுற்றிவந்தோர் நம்மிற் சிலரே. சிறுவயதிற் கேட்டோம், படங்களிற் கண்டோம், அதற்கு மாறான எதனையும் எவரும் கூறக் கேட்டிலோம், நாட்டின் வரலாறும் வாணிபமும் அவ்வாறு கொண்டாலன்றிப் பொருந்தா. இவற்றுள் எதுவும் தனித்து நோக்குமிடத்துக் கடுமையான நிரூபணமாகாது. எனினும் நமது இசைவு அரைகுறையானதன்று, முழுமையானது. தான் ஒருநாள் இறப்பது நிச்சயம் என ஒவ்வொரு மனிதனும் கொண்டுள்ள துணிபும் இத்தகையதே. லொக்கின் அளவுகோலை இறுகப் பிடித்தால் இவற்றையும் நாம் ஒரு சிறு ஐயத்துடனேயே ஏற்கவேண்டும். அவ்வாறு ஏற்பவன் அறிவாளியாகான், நகைப்புக்கே இடமாவான். மிக உயர்ந்த நிகழ்தகவுள்ள செய்திகளை உறுதியாகவே ஏற்கின்றோம் என லொக்கே ஓரிடத்தில் ஒப்புக்கொள்வதை நியூமன் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

தொன்னூல்கள் பற்றிய எடுத்துக்காட்டும் சுவையானது. வேர்ஜிலின் பெருங்காப்பியமும் ஹோரேசின் பாடல்களும் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவியர் புனைந்த போலிகள் என ஆர்துவான் என்னும் பிரெஞ்சு இயேசுசபைக் குரு ஒருகாலத்தில் வாதிட்டார். அவ்வாதத்தை அணுவணுவாக மறுக்கத்தக்க ஏட்டுச்சான்றுகள் சாதாரண வாசகனிடம் இல்லை. எனினும் இடைக்காலத்தின் மொழிநிலை, அக்காலத்தார் ஆக்கத்திறனின் இயல்பு, நூல்களிடையேயுள்ள உட்தொடர்பு ஆகியவற்றை அறிந்த எவனும் அவ்வாதத்தைத் தயக்கமின்றித் தள்ளிவிடுகின்றான். அவன் தள்ளுவது நியாயமே. அந்த நியாயத்தை எடுத்துரைக்குமாறு கேட்டால் அவன் தடுமாறுவான். வானத்தைப் பார்த்து மழைவரும் எனக் கூறும் அனுபவமிக்க உழவன், நோயாளியைக் கண்டமாத்திரத்தே நோயை உய்த்துணரும் வைத்தியன் ஆகியோர் நிலையும் இதுவே.

இவற்றிலிருந்து நியூமன் பெறும் முடிவு யாதெனின், முறைசார் தருக்கம் மனித அனுமானத்தின் ஒரு சிறுபகுதியே என்பதாகும். சொல்லாற் பிடிக்கத்தக்க படிகளாக ஒழுங்குபடுத்தப்பட்ட அனுமானத்துக்கு அப்பால், தனித்தனியே வலுக்குறைந்த பல சான்றுகள் ஒன்றையொன்று தழுவி ஒரே திசையிற் குவியும் அனுமானம் ஒன்றுண்டு. வட்டத்தினுள் வரைந்த ஒழுங்கான பல்கோணத்தின் பக்கங்கள் பெருகப் பெருக அது வட்டத்தை அணுகுகின்றது, என்றும் வட்டமாகிவிடுவதில்லை, எனினும் அது எங்கே முடியும் என்பதை மனம் காண்கின்றது. பிறிதொரிடத்தில், கடிதமொன்றில், பல இழைகளாற் திரிக்கப்பட்ட வடத்தை அவர் உவமை காட்டுவார். ஓரிழையும் பாரம் தாங்காது, வடம் தாங்கும்.

சைவசித்தாந்த அளவைநூலிற் பயின்ற தமிழ் வாசகன் இவ்விடத்தில் ஒரு வினாவை எழுப்புதல் இயல்பு. காட்சி, கருதல், உரை என அளவைகளை வகுக்கும் அம்மரபிலே, புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவதற்குப் புகையும் நெருப்பும் பிரிவின்றி உடனிகழும் என்னும் பொதுவிதி அடிப்படையாகின்றது. நியூமன் கூறும் அனுமானத்திலே அத்தகைய பொதுவிதி எங்குளது? இல்லை என்பதே விடை. பொதுவிதி வாய்க்காத தனிநிகழ்ச்சிகளைப் பற்றியே நியூமன் பேசுகின்றார். ஒரு குறிப்பிட்ட மனிதன் நம்பத்தக்கவனா, ஒரு குறிப்பிட்ட நூல் போலியா, ஒரு குறிப்பிட்ட வரலாற்று நிகழ்ச்சி நிகழ்ந்ததா என்பன அத்தகையன. கிறிஸ்தவம் ஒரு குறிப்பிட்ட மனிதனின் வாழ்வையும் மரணத்தையும் உயிர்ப்பையும் பற்றிய உரிமைக்கூற்றாதலின், அது இவ்வகை அனுமானத்துக்கே உரியதாகின்றது.

குவியும் சான்றுகளை மதிப்பிட்டு ‘இது போதும்’ எனத் துணியும் ஆற்றலை நியூமன் தனிப்பெயரிட்டு வழங்குவர். அதனைத் தமிழிற் துணிபுணர்வு எனலாம். அரிஸ்டோட்டில் ஒழுக்கவியலிற் கூறும் நடைமுறை விவேகத்தை அவர் இதற்கு ஒப்புமையாக்குகின்றார். எந்தச் சூழ்நிலையில் எது நீதி என்பதை விதிநூல் முற்றாகக் கூறிவிடாது, விவேகியே காணவேண்டும். அதுபோலச் சான்றுகளின் மொத்த எடையை எந்தச் சூத்திரமும் கூறிவிடாது. நிறுப்பவனின் அனுபவமும் ஒழுக்கமும் கவனமும் அந்நிறுவையிற் கலந்தே இருக்கும். விசுவாசி நியாயமுள்ளவனாக இருப்பதும், அந்நியாயத்தை அவன் மற்றொருவன்மீது சுமத்த இயலாதிருப்பதும் ஒரே காரணத்தினால் என்பது இதன் உட்கிடை. நூலின் ஆகச்சிறந்த உண்மை இதுவெனலாம்.

இந்த அடிப்படையிலேயே நியூமன் கிறிஸ்தவத்துக்கான தமது நியாயத்தைக் கட்டுகின்றார். அவரது தொடக்கம் மனச்சாட்சி. தவறு செய்தவன் எவரும் காணாதபோதும் நாணுகின்றான். தண்டிப்பார் இல்லாதபோதும் அஞ்சுகின்றான். நாணமும் அச்சமும் ஒருவர் முன்னிலையில் எழுவன. கண்ணுக்குத் தெரிந்த எவரும் முன்னிலையில் இல்லாதபோது அவை யார் முன்னிலையில் எழுகின்றன? மனச்சாட்சியின் குரலில் ஒரு தலைவனின் சாயலைக் காண்பவன், உலகில் அத்தலைவன் மறைந்திருப்பதையும், மனிதர் அவனைவிட்டு விலகியிருப்பதையும், எல்லாச் சமயங்களிலும் பலியும் பரிகாரமும் நேர்த்தியும் விரவியிருப்பதையும் காண்கின்றான். அவ்வாறு காண்பவன் இறைவன் ஏதேனுமொரு வகையிற் பேசுவான் என எதிர்பார்க்கத் தொடங்குகின்றான். யூதரின் நீண்ட எதிர்பார்ப்பு, இயேசுவின் வாழ்வு, அதிகாரமோ படைபலமோ இன்றி உரோமப் பேரரசினுட் பரவிய சமூகம், அடிமைகளும் பெண்களும் ஏற்ற மரணங்கள் ஆகியன அவ்வெதிர்பார்ப்புக்கு விடையாக ஒன்றுசேர்கின்றன.

வரலாற்றாசிரியர் கிபன் கிறிஸ்தவத்தின் பரவலுக்கு ஐந்து காரணங்களைக் கூறினார்: ஆதிக் கிறிஸ்தவரின் தளராத ஆர்வம், மறுமைக் கோட்பாடு, அற்புதம் பற்றிய உரிமைக்கூற்று, தூய ஒழுக்கம், திருச்சபையின் கட்டுக்கோப்பு. நியூமன் இவற்றை மறுக்கவில்லை. இவ்வைந்தும் ஒரே காலத்தில், ஒரே மக்களிடம் கூடுவதற்குக் காரணம் யாது எனக் கேட்கின்றார். கிறிஸ்துவின் உருவம் ஒவ்வொரு விசுவாசியின் உள்ளத்திலும் பதிந்திருந்ததே அக்காரணம் என்பது அவர் விடை. மெய்ந்நிலை இசைவு பற்றிய முதற்பகுதியின் ஆய்வு இங்கே தன் பயனைத் தருகின்றது. கருத்துக்காக எவரும் சிங்கத்தின் முன் நிற்பதில்லை. ஓர் ஆளுக்காக நிற்பர்.

நூலின் வலிமை இதுவாயின் அதன் வலுவின்மைகளையும் மறைத்தலாகாது. முதலாவதாக, துணிபுணர்வு எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான ஆற்றல். சைவன் ஒருவன் தனது மரபிற் குவியும் சான்றுகளைக் கொண்டு தன் சமயத்தைத் துணிவானாயின் நியூமன் அவனுக்கு என்ன கூறுவார்? இவ்வினா ஈழத்துக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பிற் பணியாற்றிய ஆறுமுக நாவலர், அவ்விவிலிய அறிவையே துணையாகக் கொண்டு 1854 இல் ‘சைவதூஷண பரிகாரம்’ வெளியிட்டார். மிஷனரிமார் மூடநம்பிக்கை எனப் பழித்த சைவக் கிரியைகளுக்கு ஒத்தவை பழைய ஏற்பாட்டின் ஆலய வழிபாட்டில் உள்ளன எனக் காட்டிய அந்நூல், புறச்சான்றுகளை எண்ணி ஒப்பிடும் வாதம் இருபுறமும் வெட்டும் என்பதை நிறுவியது. நியூமன் பிற சமயங்களை முற்றும் பொய்யெனத் தள்ளவில்லை. அவற்றின் பலியையும் மன்றாட்டையும் தமது வாதத்துக்குச் சான்றாகவே கொள்கின்றார். எனினும், கிறிஸ்தவத்துக்கு முன்னோடி என்னும் இடத்தையே அவற்றுக்கு அளிக்கின்றார். அவ்விடத்தை ஏற்காத ஒருவனோடு உரையாடுவதற்கான வழி நூலிற் போதுமானதாக இல்லை.

இரண்டாவதாக, மனச்சாட்சி பற்றிய அவரது விவரணம் அதன் தோற்றத்தை ஆராயவில்லை. நாணமும் அச்சமும் குடும்பத்தாலும் வர்க்கத்தாலும் சமூக அதிகாரத்தாலும் உருவாக்கப்படுவன என்பதைப் பிற்கால உளவியலும் சமூகவியலும் விரிவாகக் காட்டியுள்ளன. சாதியாசாரத்தை மீறியதற்காக வருந்தும் மனச்சாட்சியும் உண்டு என்பதை நமது சமூகம் நன்கறியும். அவ்வருத்தம் இறைவன் குரலாகுமா? ஒரு குரலின் வாயில் மனிதத்தன்மையது என்பதனால் அதன் மூலமும் மனிதத்தன்மையதே என்றாகிவிடாது என நியூமன் சார்பில் மறுமொழி கூறலாம். பயிற்சியாலும் சூழலாலும் மனச்சாட்சி திரியக்கூடும் என்பதை அவரும் அறிவார். ஆயின் எது குரல், எது திரிபு எனப் பிரித்தறியும் அளவுகோல் எது என்னும் வினா எஞ்சிநிற்கின்றது.

மூன்றாவது மறுப்பே கடுமையானது. அது புறூட்டின் மறுப்பு. ‘இசைவின் இலக்கணம்’ வெளிவந்த அதே 1870 இல், செப்டெம்பர் 7 ஆம் நாள், பிரித்தானியக் கடற்படையின் ‘கப்டன்’ என்னும் போர்க்கப்பல் ஸ்பானியக் கரைக்கப்பாற் கவிழ்ந்து ஏறத்தாழ 480 பேர் மாண்டனர். அதன் உறுதிநிலை பற்றிய ஐயங்கள் முன்னரே எழுப்பப்பட்டிருந்தும், அக்கப்பலின் மீது நம்பிக்கை வைத்தோரின் துணிபே வென்றிருந்தது. ஏழாண்டுகளின் பின்னர், 1877 இல், கிளிபோட் என்னும் கணிதவியலாளர் விசுவாசத்தின் ஒழுக்கம் பற்றித் தாம் வெளியிட்ட கட்டுரையை ஒரு கற்பனைக் கப்பலுடனேயே தொடங்கினார். சோதித்தறியாது, தன் கப்பல் பாதுகாப்பானது என மனமார நம்பிப் பயணிகளை அனுப்பிய உரிமையாளன், அந்நம்பிக்கைக்கு உரிமையற்றவன் என்பது அவர் வாதம். சான்றுக்கு மிஞ்சிய இசைவு பிறர் உயிரைப் பலிகொள்ளக்கூடும். சமயத் துணிபின் பெயரால் நிகழ்ந்த கொடுமைகளை நினைவிற் கொள்வோர் இம்மறுப்பை எளிதிற் புறக்கணித்தல் இயலாது.

நிச்சயம் பற்றிய நியூமனின் கோட்பாடு இங்கே தளர்கின்றது. உண்மையான நிச்சயம் அழியாது என்கின்றார். அழிந்த நிச்சயங்களைச் சுட்டினால், அவை தொடக்கத்திலிருந்தே உண்மை நிச்சயங்களாய் இருக்கவில்லை எனும் திசையில் அவர் வாதம் செல்கின்றது. இது வட்டத்திற் சுற்றும் வாதம். தாமே நாற்பத்து நான்காம் வயதில் ஒரு திருச்சபையைவிட்டு மற்றொன்றுக்குச் சென்ற ஒருவர், துணிபுகள் எவ்வளவு மெல்ல, எவ்வளவு வேதனையோடு மாறுகின்றன என்பதை அறியாதவரல்லர். அந்த அனுபவத்தின் முழுப்பாரத்தையும் இவ்வத்தியாயங்கள் தாங்கவில்லை எனவே கூறவேண்டும்.

எனினும் புறூட்டின் நிலையிலும் ஒரு குறை உண்டு. எல்லா முடிவுகளையும் ஐயத்துக்கு இடம்வைத்தே கொள்ளலாம், அவற்றின்மீது செயலாற்றவும் செய்யலாம் என்பது பொறியியலுக்குப் பொருந்தும். நீர்த்தொட்டியில் இழுத்த மாதிரியிலிருந்து பெருங்கப்பலைக் கணிப்பவன், கணிப்புப் பிழைத்தால் மாற்றிக்கொள்ளலாம் என்னும் நிலையிலேயே அதனைக் கட்டுகின்றான். நட்பு அத்தகையதன்று. மன்னிப்புக் கேட்டல், மன்னித்தல், வாக்குக் கொடுத்தல், வழிபடல் ஆகியனவும் அத்தகையனவல்ல. நண்பனை எந்நேரமும் சோதனைக்குட்படும் ஒரு கருதுகோளாகவே கொண்டிருப்பவனுக்கு நட்பு வாய்ப்பதில்லை. நட்பிலிருந்து மாத்திரமே பெறத்தக்க அறிவும் வாய்ப்பதில்லை. உளனோ இலனோ என்ற நிலையில் உள்ள ஒருவனை நோக்கி மன்றாடுதலும் அரிது. கப்பலைச் சோதிக்கும் நெறி ஆளை அறியும் நெறியாகாது. இறைவன் ஆள் என்னும் தன்மையினன் எனக் கிறிஸ்தவம் கூறுவது உண்மையாயின், அவனை அறியும் வழியும் நம்பிக்கையைத் தவிர்த்ததாக இருத்தல் இயலாது. விசுவாசி தன் விசுவாசத்தை நியாயமானதெனக் காண்பதன் அடிப்படை இங்கேதான் உள்ளது. இறைவன் ஆள் என்பதே ஐயத்துக்குரியது எனப் புறூட் மறுமொழி கூறக்கூடும், அம்மறுமொழியும் நியாயமானதே. இதற்கு மேல் செல்ல வாதத்தால் இயலாது.

1870 ஏப்பிரல் 24 ஆம் நாள், நூல் வெளிவந்து சில வாரங்களில், முதலாம் வத்திக்கான் சங்கம் இறைவன் உளன் என்பதை இயற்கை அறிவின் ஒளியால் நிச்சயமாக அறியமுடியும் எனப் பிரகடனம் செய்தது. நியூமன் அதனை மறுப்பவரல்லர். ஆயின் அறியமுடியும் என்பதற்கும், இன்ன மனிதன் இன்ன வழியில் அறிந்தான் என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தையே அவர் நூல் அளக்கின்றது. சங்கம் அறிவின் உரிமையைக் கூறிற்று. நியூமன் அறிவோனின் வரலாற்றைக் கூறினார்.

இலக்கியம் என்ற வகையில் நோக்கினும் நூலின் சிறப்பும் குறையும் இதனோடு தொடர்புற்றனவே. அதன் எடுத்துக்காட்டுகள் உயிருள்ளவை. உழவனும் வைத்தியனும் பள்ளிச்சிறுவனும் அடிமையும் தத்துவ நூலொன்றில் இவ்வளவு இயல்பாக நடமாடுதல் அரிது. பிறருக்காகப் பேசாது தமக்காகவே பேசுவதாக அவர் பலகாலும் வற்புறுத்துவது பணிவு மாத்திரமன்று. அதுவே அவரது முறையியல். ஆயின் வரையறைகளை அடுக்கும் இடைப்பகுதிகள் வறண்டவை; எந்தப் பொதுத்தருக்கத்தின் போதாமையை அவர் காட்டவந்தாரோ அதன் நடையையே அவை மேற்கொள்கின்றன. நிச்சயத்தின் அழியாமை பற்றிய பகுதி வாசகனைத் துணியச் செய்யவில்லை. மனச்சாட்சி பற்றிய சில பக்கங்களோ விசுவாசியல்லாத வாசகனையும் நிறுத்திவைக்கின்றன. நூலின் கோட்பாட்டுக்கு நூலே ஒரு சான்றாய் அமைந்துவிடுகின்றது.

1879 இன் வசந்தகாலத்திலே கர்தினால் பதவியை ஏற்பதற்காக உரோமாபுரியிலிருந்த நியூமன், நிச்சயம் பற்றிய பழைய வினாவை மீண்டும் எடுத்துப் புறூட்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். நூல் வெளிவந்து ஒன்பதாண்டுகள் கழிந்திருந்தன, புறூட் இணங்கவில்லை, நியூமன் தமது வாதத்தை முடிந்துவிட்டதாகக் கருதவுமில்லை. தென்னாபிரிக்காவின் சைமன்ஸ் நகரிலே மே 4 ஆம் நாள் புறூட் காலமானார். அக்கடிதத்தைப் படிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. நண்பரை இணங்கவைக்கத் தவறிய நூல் தோற்ற நூலாகாது. இணங்காத நண்பனை மூடனென்றோ பாவியென்றோ தள்ளாது, நெடுங்கால நட்பின் பின்னரும் புதிதாய்த் தொடங்கி மறுமொழி எழுதும் பொறுமையை விசுவாசத்தின் நியாயம் கோருகின்றது. அப்பொறுமை இல்லாதவிடத்து விசுவாசி தன் நியாயம் எனக் கூறுவது அதிகாரமேயன்றிப் பிறிதன்று.